வெள்ளித் தண்ணீர் தெளிந்த விதம்

1. கறுப்பு கேனில் வந்தது

எங்கள் கம்பெனிக்கு முதன்முதலாக வெள்ளி வந்த அன்று, நாங்கள் பெண்கள் எல்லாரும் டப்பியில் கிரீம் அடைக்கும் ஃபில்லிங் டேபிளை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினோம். கொலுசுக் கடையில் பார்ப்பதுபோல் பளபளவென்று ஏதோ வரப்போகிறது என்று நினைத்தோம். வந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கேன். கெமிஸ்ட் அஞ்சனா அதன் மூடியைத் திறந்து, ஒரு கண்ணாடி பீக்கரில் கொஞ்சம் ஊற்றிக் காட்டினாள். நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

பாத்திரம் கழுவும் தங்கக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எட்டீ லீலா, நம்ம ஸாரை யாரோ நல்லா ஏமாத்திப்போட்டான். இது வெறும் பச்சை வெள்ளமாக்கும்."

அஞ்சனா சிரித்தாள். "வெள்ளம் இல்ல சேச்சி. காப்பியில சீனி கரைஞ்சு கிடக்குமே, அதுபோல வெள்ளி இதில கரைஞ்சு கிடக்கு. கண்ணுக்குக் காணாது."

"காணாத வெள்ளிக்கு இம்புட்டு வெலையா? எனக்க மோளுக்கக் கொலுசை உருக்கித் தந்திருப்பேனே, காணவாவது செய்யலாம்."

எல்லாரும் சிரித்தோம். எங்கள் முதலாளி சுகுமாரன் ஸார் மட்டும் சிரிக்கவில்லை. கடன் எடுத்து இந்த வெள்ளியையும் இதற்கென்று ஒரு புதுப் பாத்திரத்தையும் வாங்கியிருந்தார். "சிரிச்சது போதும். போய் அவரவர் சோலியைப் பாருங்கோ" என்றார்.

நான் லீலாபாய். எட்டாம் வகுப்புவரை படித்தேன். பனச்சமூட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், ஸாருடைய வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் எங்கள் கம்பெனி இருக்கிறது. சோப்பு, தலைக்கு எண்ணெய், கால் வெடிப்புக்குக் கிரீம் எல்லாம் அங்கே செய்கிறோம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுப் பக்கம், பாதிப்பேர் கேரளப் பக்கம். ஒரே பஸ் ஸ்டாப்பில்தான் இறங்குவோம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் இருக்கும் ஒரு பாட்டிலைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

2. வெள்ளி எதற்கு என்று கேட்டால்

எங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் அதிகம். என் வீட்டுக்காரரும் அந்த வேலைதான். விடியும் முன்னே ஈரப் புல்லில் நடக்க வேண்டும். குதிகால் வெடிக்கும். வெடிப்பில் ஈரம் தங்கும், நாற்றம் வரும், அரிப்பு வரும். சாதாரணக் கிரீம் தோலை மிருதுவாக்கும், அவ்வளவுதான். அதில் கொஞ்சம் வெள்ளி சேர்த்தால் கிருமி பெருகாமல் தடுக்கும் என்று அஞ்சனா சொன்னாள். அந்தக் "கொஞ்சம்" என்பது நாம் நினைப்பதைவிட எவ்வளவோ கொஞ்சம். கிரீம் காய்ச்சும் கெட்டில் என்கிற பெரிய பாத்திரம் நிறையக் கிரீமில் சேரும் வெள்ளியை ஒன்றாகத் திரட்டினால் ஒரு குழந்தையின் மோதிரத்துக்குக்கூடத் தேறாது.

எனக்கு அவள் சொன்னதில் சந்தேகம் வரவில்லை. ஒரு தடவை கஞ்சி வடிக்கும்போது கொதிநீர் என் கையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு மருந்து பூசினார்கள். "இதில் வெள்ளி உண்டு, புண் பழுக்காது" என்று நர்ஸ் சொன்னாள். தழும்புகூட இல்லாமல் ஆறியது. கர்த்தர் தோலையும் படைத்தார், வெள்ளியையும் மண்ணுக்குள் வைத்தார், அதைக் கண்டுபிடிக்கிற புத்தியையும் மனுஷனுக்குக் கொடுத்தார் என்று அன்று ஸ்தோத்திரம் செய்தேன்.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரியில் பூசியது மருந்து. நாங்கள் செய்வது கிரீம். கடைக்காரர் ஒருவர் ஸாரிடம், "புண்ணு ஆறும்னு டப்பியில ஒரு வரி எழுதிப்போடுங்கோ, நல்லா ஓடும்" என்று சொன்னபோது அஞ்சனா சம்மதிக்கவே இல்லை. "சுகர் உள்ள ஒருத்தர் இதை விசுவசிச்சு ஆஸ்பத்திரி போகாம இருந்தா யாரு பதில் சொல்லும் ஸாரே?" என்றாள். அதேபோல் வெள்ளி நல்லதுதானே என்று யாராவது குடிக்கக் கேட்டால் விரட்டிவிட வேண்டும். நிறைய நாள் உள்ளுக்குச் சாப்பிட்டால் தோல் சாம்பல் நீலமாக மாறிப்போகுமாம், பிறகு வெளுக்கவே வெளுக்காதாம்.

அஞ்சனா கேரளப் பக்கத்து அதியன்னூர்க்காரி. என் மகளைவிடச் சின்னவள். முதலில் வேலை பார்த்த கம்பெனி பூட்டிப்போனதால் இங்கே வந்தாள். ஸார் அவளை நிரந்தரமாக எடுக்கவில்லை. "இந்த வெள்ளிக் கிரீமை நீ நல்லபடியா இறக்கிக் காட்டு, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி வைத்திருந்தார். அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மாவின் தையலில்தான் வீடு ஓடியது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதிகமாகத் தெரிந்தது தங்கக்காவுக்கு.

தங்கக்கா என்கிற தங்கபாய் எங்கள் கம்பெனியில் பாத்திரம் கழுவும் பிரிவு. எனக்கு முன்னாலேயே சேர்ந்தவள். அவள் மகள் வெளிநாட்டில் நர்ஸ். மகளுக்குக் கொடுக்க முடியாத மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அஞ்சனாவின் டிபன் மூடிக்கு வந்துவிடும். "தின்னு மக்கா, எலும்பு காணுது" என்பாள். அந்தப் பிள்ளையும் சேச்சி சேச்சி என்று அவள் பின்னாலேயே நிற்கும்.

3. கலங்கியது

வெள்ளியை நேராகக் கிரீமில் ஊற்றக் கூடாது. முதலில் மெஷினில் சுத்தம் செய்த தண்ணீரைப் புதுப் பாத்திரத்தில் எடுத்து, அதில் கேனிலிருந்து அளந்து ஊற்றி, மெதுவாகக் கலக்கி, வெள்ளித் தண்ணீர் தயார் செய்ய வேண்டும். அதைத்தான் கடைசியில் கிரீமில் சேர்க்க வேண்டும். பாத்திரம் ஸ்டீல்தான், ஆனாலும் நாங்கள் அதை வெள்ளிப் பாத்திரம் என்றே சொன்னோம்.

அஞ்சனா எங்களுக்குப் பாடம் மாதிரிச் சொல்லித் தந்தாள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு படக் கூடாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வேர்வை விழக் கூடாது. வெயில் படக் கூடாது. பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கமே வரக் கூடாது. எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது அவள் குற்றம் இல்லை. கிரீம் செய்கிற இடத்தில் அதை யாராவது போடுவார்கள் என்று எந்தக் கெமிஸ்ட் நினைப்பாள்?

முதல் பேட்ச் அன்று காலையில் ஸார் வந்து, கோயிலில் இருந்து கொண்டுவந்த சந்தனத்தைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டு வைத்தார். ஒரு செம்பருத்திப் பூவும் வைத்தார். நாங்கள் கண்ணை மூடி ஒரு நிமிடம் எங்கள் ஜெபத்தைச் செய்தோம். அஞ்சனா தண்ணீரை ஊற்றினாள். மீட்டர் வைத்துப் பார்த்த தண்ணீர். பிறகு வெள்ளியை ஊற்றினாள்.

கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது.

அவள் முகம் மாறிப்போயிற்று. கேனிலிருந்து கொஞ்சம் எடுத்து, அதே தண்ணீரில், பீக்கரில் கலந்து பார்த்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பாத்திரத்தில் கலங்குகிறது, பீக்கரில் கலங்கவில்லை. "பாத்திரத்தின் ஸ்டீல் சரியில்லையோ?" என்று ஸார் பாத்திரம் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்த ஆள், "ஆஸ்பத்திரிக்கும் பால் கம்பெனிக்கும் குடுக்கற ஸ்டீலாக்கும் இது. எனக்கப் பாத்திரத்தைக் குறை சொல்லாதீங்கோ" என்று சத்தம் போட்டார். பாத்திரத்தை மறுபடியும் கழுவ வைத்தார்கள்.

சில நாள் கழித்து இரண்டாவது பேட்ச். இந்தத் தடவை ஊற்றின உடனே பால் மாதிரி வெளுத்துப்போயிற்று. முதல் தடவையைவிட மோசம். கலக்குவதை நிறுத்தினால் அடியில் வெள்ளையாகத் தங்கியது. கிரீமில் சேர்த்தால் ஒரு பயனும் இல்லை, எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதுதான் என்று அஞ்சனா சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் கேட்கவே இல்லை.

ஸார் நிதானமானவர்தான். ஆனால் அன்று எங்கள் முன்னாலேயே கேட்டார். "வெள்ளி நல்ல கம்பெனி. வெள்ளம் நல்லது. பாத்திரம் புதுசு. பின்னே யாருக்கக் குற்றம்? நீயே சொல்லு."

அஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அறியில்ல ஸாரே."

"கேனில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் உண்டு. அதும் போச்சுதுன்னா வெள்ளியும் வேண்டா, இந்தப் பரீட்சையும் வேண்டா. நீ வேற இடம் பாத்துக்கோ மோளே. எனக்கு வேற வழியில்ல."

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. "இரண்டு பேட்ச் கெடுத்த கெமிஸ்டுன்னு பேரு வந்தா இனி யாரு சேச்சி எனக்கு வேலை தரும்?" என்று கேட்டாள். தங்கக்கா தன் டிபனையும் மூடி வைத்துவிட்டாள். அவள் கண் மட்டும் எங்கேயோ இருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

4. ஸ்டீலில் விழுந்த சத்தம்

மூன்றாவது பேட்ச் அன்று நான் வழக்கத்தைவிட முந்தின பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மனசு சரியில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை. ஷெட்டில் விளக்கு எரிந்தது. கழுவும் பிரிவில் தங்கக்கா இருப்பாள் என்று உள்ளே போனேன்.

டிங், டிங் என்று ஒரு சத்தம். சின்னக் கல் ஸ்டீலில் விழுகிற சத்தம்.

தங்கக்கா வெள்ளிப் பாத்திரத்தின் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். கண் மூடியிருந்தது. ஒரு கை பாத்திரத்துக்குள்ளே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் முடியும்வரை நான் பேசவில்லை. ஜெபத்தின் நடுவில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. ஆமென் சொன்ன பிறகுதான் கேட்டேன்.

"என்ன செய்யுதிய அக்கா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல. ஜெபமாக்கும்."

"கையில என்ன?"

கைலேஞ்சித் துணியை விரித்துக் காட்டினாள். முடிச்சுக்குள்ளே கல்லுப்பு.

அவளே சொன்னாள். "நீ அறியாததா லீலா? வேதத்துல அந்தத் தீர்க்கதரிசி கெட்டுப்போன ஊத்துல உப்பு போட்டுத்தானே சுத்தமாக்கினாரு. நாங்க கெணறு வெட்டினப்போ வெள்ளம் காவிக் கலரு. பாத்திரத்துல எடுத்து வச்சா அடியில மண்ணு தங்கும். நான் உப்பு போட்டு ஜெபிச்சேன். கொஞ்ச நாளுல தெளிஞ்சு. நீயும் அந்த வெள்ளத்தைக் குடிச்சிருக்கியே."

உண்மைதான். அவர்கள் புது வீட்டில் குடிபுகுந்த பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போயிருந்தபோது குடித்தேன். இனிப்பான தண்ணீர்.

"முதல் தடவையும் போட்டியளா?"

"முதல்ல நாலஞ்சு கல்லுதான் போட்டேன். புதுப் பாத்திரம், புது வேலை, அந்தப் பிள்ளை நல்லா வரட்டும்னு. கலங்கிப்போச்சு. உப்பு கொறஞ்சு போச்சுன்னு நினைச்சு ரெண்டாவது ஒரு பிடி போட்டேன். கழுவின ஈரத்துல கரைஞ்சதால ஒருத்தரும் காணல. பால்போல ஆயிப்போச்சு. எனக்க விசுவாசம்தான் கொறவுன்னு இன்னைக்கு வெறும் வயித்துல உபவாசமா வந்திருக்கேன்."

வெள்ளியில் உப்பு பட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. உப்பு நல்லதுதானே? புது வீட்டுக்குள் முதலில் போவது உப்புதானே? ஆனால் ஃபில்லிங்கில் இத்தனை காலம் நின்ற எனக்கு ஒன்று தெரியும். கெமிஸ்ட் எழுதிக் கொடுக்காத எதுவும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. கெட்டில் பக்கத்தில் நின்று பாக்கு மென்றதற்காக ஒருத்தியை ஸார் அன்றைக்கே அனுப்பிவிட்டதும் ஞாபகம் வந்தது. சொன்னால் தங்கக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அஞ்சனாவின் வேலை போகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை வந்து கடைசி வெள்ளியை இந்தப் பாத்திரத்தில் ஊற்றப்போகிறாள்.

"ஸாருகிட்ட சொல்லாத லீலா. எனக்க வேலைக்கு வேண்டி இல்ல. அந்தப் பிள்ளைக்காகச் செய்யுத ஜெபத்தைப் பாதியில நிறுத்தினா கர்த்தர் எங்கிட்டக் கேப்பாரு."

"சொல்லல அக்கா. எனக்கு ஒரு கல்லு தாங்க."

"என்னத்துக்கு?"

"தாங்க."

ஒரு கல்லுப்பைக் கையில் பொத்திக்கொண்டு, கர்த்தாவே வழி காட்டும் என்று சொல்லி, வாசலில் அஞ்சனாவுக்காக நின்றேன்.

5. ஒரு கல்

அஞ்சனா வந்த உடனே அவளுடைய ரூமுக்குள் கூடவே போனேன். அழுத கண். கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மக்கா, ஒண்ணு கேக்கட்டா? பீக்கருல கொஞ்சம் வெள்ளித் தண்ணி எடு. அதுல ஒரு கல்லு உப்பு விழுந்தா என்ன ஆகும்னு பாக்கணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வேண்டாத கேள்வி கேட்கிறவள் நான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் எடுத்து, வெள்ளி இரண்டு சொட்டு விட்டு, என் முன்னால் வைத்தாள். தெளிந்த தண்ணீர். அந்தப் பக்கம் உள்ள ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. நான் கல்லை மெதுவாக விட்டேன்.

கல் கீழே போகும் வழியெல்லாம் ஒரு வெள்ளை நூல் இறங்கியது. அடியில் போய் அது புகைபோல விரிந்தது. பஞ்சு மாதிரி எழும்பியது. பீக்கரை அவள் லேசாக ஆட்டினாள். முழுவதும் பாலாகிவிட்டது. ஜன்னல் கம்பி மறைந்தது.

"க்ளோரைடு!" என்று கத்திவிட்டாள். "சேச்சி, இதுதான்! உப்பு வெள்ளியைப் பிடிச்சு வெள்ளைப் பொடியாக்கும். பின்னே அது கிருமிக்கிட்ட ஒரு வேலையும் சரியாச் செய்யாது. ஆனா பாத்திரத்தில உப்பு எப்படி? எவிடெ இருந்து வந்நு?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பொய் சொல்லவும் வராது.

கதவுப் பக்கத்தில் தங்கக்கா நின்றாள். நான் போன பின்னாலேயே வந்திருக்கிறாள். அந்தக் கல் இறங்கியதை முழுக்கப் பார்த்திருக்கிறாள். கையில் கைலேஞ்சி அப்படியே இருந்தது.

"நானாக்கும் மக்கா போட்டது."

அஞ்சனாவுக்குப் புரியவில்லை. "எந்தினா சேச்சி? எதுக்கு?"

"ஒனக்கு வேண்டி."

பிறகு கிணற்றுக் கதை, தீர்க்கதரிசி கதை, ஒரு பிடி, உபவாசம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அஞ்சனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு அழுகைதான் மிச்சம் இருந்தது. தங்கக்காவின் கையைப் பிடித்து, "எனக்கு வேண்டி பட்டினி கிடந்நா சேச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஸாரிடம் நான் சொல்லிக்கிறேன். பாத்திரம் சரியாக் கழுவலன்னு சொன்னா மதி, அது போதும். உப்புன்னு சொல்லண்டா" என்றாள் அஞ்சனா.

தங்கக்கா நிமிர்ந்தாள். "எனக்கக் கழுவலை யாரும் குறை சொல்லாண்டாம். இந்தக் கம்பெனியில நான் கழுவின பாத்திரத்துல மொகம் பாக்கலாம். உப்பு போட்டேன்னு சொல்லு. அதுதான் நேரு, அதுதான் உண்மை."

அவளே ஸாரைப் பார்க்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலே போனோம்.

6. சந்தனம்

ஸார் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உப்போ? ரெண்டு பேட்ச் வெள்ளி! மீன்கறி வைக்கவா தங்கபாய் நான் வெள்ளி வாங்கினேன்? கொஞ்சம் புளியும் மொளகும் சேத்திருக்கலாமே, சோறு மட்டும் நான் கொண்டு வந்திருப்பேன்!"

தங்கக்கா தலையை உயர்த்தவில்லை. "எனக்க அறிவுகேடு ஸாரே. அந்தப் பிள்ளைமேல ஒரு குற்றமும் இல்ல. என்னை வேலையை விட்டு அனுப்புங்கோ, அவளை வச்சுக்கிடுங்கோ."

ஸார் வேகமாக ஷெட்டுக்குள் நடந்தார். வெள்ளிப் பாத்திரத்தின் முன்னால் போய் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் கல்லுப்பு கிடந்தது. பிறகு அவர் பார்வை வெளிப்பக்கம் போயிற்று. அவர் முதல் நாள் தொட்டு வைத்த சந்தனம் அங்கே காய்ந்துபோய் இருந்தது. தங்கக்கா ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தை மினுக்கிக் கழுவியும் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாள். அவள் கும்பிடுகிற சாமி இல்லை. ஆனாலும் விட்டிருக்கிறாள்.

ஸார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேசியபோது குரல் இறங்கிவிட்டது.

"நான் வெளிய வச்சேன். நீ உள்ள வச்சே. நமக்குள்ள அம்புட்டுத்தான் வித்தியாசம்."

தங்கக்காவைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டுக்கோ. இனி தெய்வத்துக்கு உள்ளதெல்லாம் பாத்திரத்துக்கு வெளிய. உள்ள போறது அஞ்சனா சொல்லுகது மட்டும். நீ போய் அதைக் கழுவு. நல்லா கழுவு."

"அப்பம் எனக்கு வேலை உண்டா ஸாரே?"

"பின்னே யாரு கழுவ? நானா?"

7. தெளிந்தது

தங்கக்கா அன்று கழுவியதைப் போல ஒரு பாத்திரத்தை யாரும் கழுவி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை அலசிய பிறகும் கடைசித் தண்ணீரை அஞ்சனா பீக்கரில் பிடித்து, ஒரு சொட்டு வெள்ளி விட்டுப் பார்த்தாள். உப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வெள்ளியே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் லேசாக வெளுத்தது. மறுபடியும் அலசினாள். பிறகு வெளுக்கவில்லை. "இனி மதி சேச்சி" என்றாள் அஞ்சனா. தங்கக்கா கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை அலசினாள்.

தண்ணீர் ஊற்றினார்கள். கேனில் இருந்த கடைசி வெள்ளியை அளந்து கையில் வைத்துக்கொண்டு அஞ்சனா நின்றாள். ஊற்றவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"சேச்சி, ப்ரார்த்திக்கண்டே?"

தங்கக்கா இரண்டடி பின்னால் போனாள். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அப்படியே கண்ணை மூடி ஜெபம் செய்தாள். ஸாரும் கை கூப்பிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். ஆமென் சொன்னதும் அஞ்சனா ஊற்றினாள்.

நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பாத்திரத்தின் அடி தெரிந்தது. எங்கள் முகம் வரிசையாகத் தண்ணீருக்குள் தெரிந்தது. கலக்கும் ஸ்டிரர் சுற்றச் சுற்ற முகங்கள் ஆடின. கலங்கவில்லை.

"வெறும் வெள்ளம்போலத்தான் இருக்கு" என்றாள் தங்கக்கா. இந்தத் தடவை அது குறை சொன்னது இல்லை.

அந்த மாதமே ஸார் அஞ்சனாவை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார். கிரீம் இப்போது காஞ்சிரங்குளம் வரைக்கும் போகிறது. என் வீட்டுக்காரர் தினமும் பூசுகிறார். வெடிப்பு முழுக்கப் போகவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்றமும் அரிப்பும் இல்லை.

ஜன்னல் ஓரத்தில் இருக்கிற பாட்டில் இரண்டாவது பேட்சில் எடுத்து வைத்தது. பால்போல் இருந்தது, வெயில் பட்டுப் பட்டு நாகப்பழக் கலராகிவிட்டது. உப்பில் சேர்ந்த வெள்ளி வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகுமாம். தூக்கி எறியலாம் என்று ஸார் சொன்னார். தங்கக்காதான் வேண்டாம் என்றாள். புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். அவள் இப்போதும் மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளக் கல்லுப்பு கொண்டுவருகிறாள். ஆனால் ஷெட்டுக்குள் கொண்டுவர மாட்டாள். கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போய் வாங்கிக்கொள்கிறாள்.

கொஞ்ச நாள் முன்னால் தங்கக்காவுக்குக் காய்ச்சல். வேலைக்கு வரவில்லை. அன்று வெள்ளி கலக்க வேண்டிய நாள். பாத்திரத்தை நான் கழுவினேன். அஞ்சனா கடைசித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. வெள்ளியை அளந்தாள். எல்லாம் தயார். ஆனால் அவள் ஊற்றவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, டேபிளின்மேல், பாத்திரத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

"சேச்சி, எல்லாம் ரெடியாக்கும். சேச்சி சொன்னாத்தான் ஊத்துவேன்."

அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது. பிறகு தங்கக்காவின் குரல். "நீ படிச்ச பிள்ளையில்லியா மக்கா? உப்பு இல்லாட்டா தெளியும்னு நீதானே காட்டித் தந்தே?"

"தெளியும் சேச்சி. அது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கோ."

காய்ச்சல் குரலில் அவள் ஜெபிக்கத் தொடங்கினாள். நான் கண்ணை மூடுவதற்கு முன்னால் அஞ்சனாவைப் பார்த்தேன். வெள்ளி அளந்த பீக்கரைக் கீழே வைத்துவிட்டு, அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலைக்கு அதற்குரிய விதி உண்டு, அதில் கை வைக்காதீர்கள். ஜெபத்துக்கும் இங்கே இடம் உண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் போதும்.